ஃபின் யூல்: அறைகளை அமைத்தவர், நாற்காலிகளால் அறியப்பட்டவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டென்மார்க்கின் அறைகலன்கள் உலகச் சந்தையில் இடம்பிடித்த 1940களையும் 1950களையும் பற்றிப் பேசும்போது தவறாமல் எழும் பெயர்களுள் ஒன்று ஃபின் யூல். இன்று அவரைப் பெரும்பாலோர் ஏலக்கூடங்களில் உயர்ந்த விலைக்குப் போகும் சில நாற்காலிகளின் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். அவருடைய தொழில் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால், வீடு, கடை, கண்காட்சி, விமான நிறுவன அலுவலகம், ஐக்கிய நாடுகள் அவையின் மன்றம் என அறைகளை அமைப்பதே அவர் செய்த பெரும்பணி என்பதும், நாற்காலிகள் அந்தப் பணியிலிருந்து பிறந்தவை என்பதும் தெரியவரும். கீழேயுள்ள விடைகள் அந்தக் கோணத்திலிருந்தே எழுதப்பட்டுள்ளன.

ஃபின் யூல் யார்? எந்தச் சூழலில் வளர்ந்தார்?

ஃபின் யூல் 1912 ஜனவரி 30 அன்று, கோபன்ஹேகன் நகரத்தால் சூழப்பட்ட ஃபிரடெரிக்ஸ்பெர்க்கில் பிறந்தார். தந்தை துணி மொத்த வணிகர். தாய் இவர் பிறந்தவுடனேயே இறந்துவிட்டதால், தந்தையின் கட்டுப்பாடான வீட்டில்தான் வளர்ந்தார். இளமையில் அவருக்குக் கலை வரலாற்று அறிஞராக வேண்டும் என்பதே ஆசை. கோபன்ஹேகனின் அருங்காட்சியகங்களில், குறிப்பாகப் பழங்காலச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற கிளிப்டோடெக்கில், நிறைய நேரம் செலவிட்டார். கலை வரலாற்றைக் கொண்டு பிழைக்க முடியாது என்று கருதிய தந்தை, கட்டடக் கலை படிக்கும்படி மகனை வற்புறுத்தினார். தந்தையின் சொல்லுக்கு மகன் இணங்கினாலும், சிற்பத்தின் மீதான பற்று கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை. அவருடைய நாற்காலிகளை ஒருவர் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் கையால் தடவிப் பார்க்க விரும்புவதற்கு அந்தப் பற்றே காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

அவர் முறையாக எங்கே படித்தார்?

1930இல் டேனிய அரச நுண்கலைக் கழகத்தின் கட்டடக் கலைப் பள்ளியில் சேர்ந்து, அக்காலத்தில் பெரும் மதிப்புப் பெற்றிருந்த கேய் ஃபிஸ்கரிடம் பயின்றார். படிக்கும்போதே கட்டடக் கலைஞர் வில்ஹெல்ம் லவுரிட்ஸனின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வேலைப் பளு கூடியதால் பட்டப்படிப்பை அவர் முடிக்கவேயில்லை. ஆயினும் 1942இல் டேனியக் கட்டடக் கலைஞர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே கழகத்தில் 1924 முதல் கோரெ கிளிண்ட் என்பவரின் தலைமையில் அறைகலன் வடிவமைப்புக்கெனத் தனிப் பிரிவு இயங்கிவந்தது. யூல் அதில் மாணவராக இருந்ததில்லை; தச்சுப்பட்டறையிலும் தொழில் பழகியதில்லை. அறைகலன் வடிவமைப்பில் தாம் முழுக்க முழுக்கத் தானே கற்றவர் என்று அவரே சொல்லிக்கொள்வது வழக்கம்.

லவுரிட்ஸன் அலுவலகத்தில் என்ன வேலை செய்தார்?

1934 முதல் 1945 வரை அங்கே பணியாற்றினார். கோபன்ஹேகனின் கஸ்ட்ரப் விமான நிலைய முனையம், வானொலி நிலையம் ஆகிய இரண்டும் டென்மார்க்கின் நவீனக் கட்டடக் கலை வரலாற்றில் நிலைத்துவிட்ட லவுரிட்ஸன் படைப்புகள். இவற்றுள் வானொலி நிலையத்தின் உள் அமைப்பில் யூலுக்குப் பெரும் பங்கு இருந்தது. ஒலிப்பதிவு அறைகளும் இசையரங்கும் உள்ள அத்தகைய கட்டடத்தில் சுவரின் மரப்பலகை, விளக்கு, இருக்கை, கதவின் கைப்பிடி என எதையும் தனித்து எண்ண முடியாது. ஒன்றை மாற்றினால் மற்றவை எல்லாம் மாறும். பிற்காலத்தில் நியூயார்க்கில் அவர் ஒரு மன்றத்தை அமைத்த விதத்தைப் பார்த்தால், பதினோரு ஆண்டுகாலப் பயிற்சி வீணாகவில்லை என்பது விளங்கும்.

தச்சுத் தொழில் தெரியாதவர் அறைகலன்களை எப்படி உருவாக்கினார்?

நீல்ஸ் வோடர் என்ற தலைசிறந்த தச்சர் துணை நின்றதால்தான். கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்திவந்தது. தொழிற்சாலைப் பொருள்களின் போட்டியால் நலிந்துகொண்டிருந்த கைவினைஞர்கள், கட்டடக் கலைஞர்களோடு கூட்டுச் சேர்ந்து புதிய வடிவங்களைக் காட்சிக்கு வைத்து வாடிக்கையாளரை ஈர்க்க முயன்ற களம் அது. 1937இல் யூலும் வோடரும் முதன்முறையாகச் சேர்ந்து அதில் கலந்துகொண்டார்கள். அந்தக் கூட்டு 1959 வரை நீடித்தது.

யூல் வரைவார், வோடர் அதைச் செய்ய வழி கண்டுபிடிப்பார். மரத்தின் இயல்பை அறிந்த ஒருவர் வரையத் துணியாத மெல்லிய இணைப்புகளையும் வளைவுகளையும், அந்த அறிவின் கட்டுப்பாடு இல்லாததாலேயே யூலால் வரைய முடிந்தது. அவற்றை முறியாமல் நிற்கச் செய்யும் சுமை வோடரின் தோள்களில் விழுந்தது. அவர்கள் உருவாக்கிய பொருள்களின் அடிப்பகுதியில் சுட்டுப் பொறிக்கப்பட்ட முத்திரையில் தச்சரின் பெயரும் வடிவமைப்பாளரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். இந்த நேர்மை எல்லா நாட்டு வடிவமைப்பு வரலாற்றிலும் காணக் கிடைப்பதில்லை.

கிளிண்ட் மரபுக்கும் யூலுக்கும் என்ன கருத்து வேறுபாடு?

கோரெ கிளிண்டின் முறை அளவையை அடிப்படையாகக் கொண்டது. மனித உடலின் அளவுகள், ஒரு வீட்டில் சராசரியாக இருக்கும் தட்டு, சட்டை ஆகியவற்றின் எண்ணிக்கையும் அளவும், பழைய நாற்காலி வகைகளின் விகிதங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து, காலம் கடந்து நின்ற ஒரு வகையை எடுத்துச் செம்மைப்படுத்துவதே வடிவமைப்பாளரின் கடமை என்று அவர் கற்பித்தார். போர்கெ மோகன்சென் போன்ற மாணவர்கள் அந்த முறையிலிருந்து அழகும் எளிமையும் கொண்ட பொருள்களை உருவாக்கினார்கள். அதன் பயனை மறுப்பதற்கில்லை.

யூலின் தொடக்கப்புள்ளி வேறு. ஹான்ஸ் ஆர்ப் போன்றோரின் அக்காலச் சிற்பங்களில் உயிருள்ள பொருளைப் போல வீங்கியும் வளைந்தும் ஒடுங்கியும் நிற்கும் வடிவங்களை அவர் கண்டார். அமர்ந்திருக்கும் உடலே ஒரு வளைவான வடிவம் என்னும்போது, அதைத் தாங்கும் பொருள் மட்டும் ஏன் சதுரமாகவும் நேர்க்கோடாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. தச்சர் சங்கக் கண்காட்சிகளில் தம் அறைகலன்களுக்கு அருகில் எரிக் தொமெசனின் சிற்பங்களை வைத்துக் காட்டினார். அது வெறும் அலங்காரம் இல்லை. இவ்விரண்டும் ஒரே குடும்பம் என்று பார்வையாளருக்குச் சொல்லும் வழி.

கிளிண்டின் ஆதரவாளர்களுக்கு இது பொறுப்பற்ற செயலாகத் தோன்றியது. என் கருத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது: கிளிண்ட் மரபு பலருக்கும் வாங்கக்கூடிய நல்ல நாற்காலியைத் தந்தது; யூல் சிலரால் மட்டுமே வாங்க முடிந்த, ஆனால் மறக்க முடியாத நாற்காலிகளைத் தந்தார்.

பெலிகன் நாற்காலி முதலில் கேலிக்கு உள்ளானது உண்மையா?

உண்மை. 1940 கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்த நாற்காலி, துணி போர்த்திய தடித்த உடலும் இரு புறமும் விரிந்து அணைக்க வரும் சிறகுகளும் குட்டையான மரக்கால்களும் கொண்டது. களைத்துப்போன வால்ரஸ் போலிருக்கிறது என்று விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். அக்காலத்தில் மிகச் சிலவே செய்யப்பட்டன. பரவலான உற்பத்திக்கு வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அடுத்த ஆண்டு, 1941இல், அதே வடிவச் சிந்தனையை அடக்கிச் சுருக்கி உருவாக்கிய சிறிய இருவர் சோபா பின்னாளில் கவிஞர் சோபா என்று பெயர் பெற்றது. அதைக் கேலி செய்தவர்கள் குறைவு.

1945ஆம் ஆண்டு நாற்காலியை வல்லுநர்கள் ஏன் இவ்வளவு பாராட்டுகிறார்கள்?

அதன் அமைப்பில் நிகழ்ந்த மாற்றத்துக்காக. அதுவரை மெத்தையிட்ட நாற்காலி என்றால், மரச்சட்டத்தின் மேல் நேரடியாகத் துணியும் திணிப்பும் ஏற்றப்பட்டு, எது தாங்குகிறது, எது தாங்கப்படுகிறது என்று பிரித்தறிய முடியாத ஒரே திரளாக இருக்கும். யூல் இவ்விரண்டையும் பிரித்தார். மெத்தையிட்ட இருக்கையும் முதுகுப்பகுதியும் தனி உடல். மரச்சட்டம் தனி எலும்புக்கூடு. இருக்கை சட்டத்தின் முன் விளிம்பைத் தொடாமல், உள்ளே ஓடும் குறுக்குக் கட்டைகளின் மேல் மட்டும் அமர்கிறது. எனவே பக்கத்திலிருந்து பார்க்கும்போது இருவேறு பகுதிகளுக்கும் இடையே வெளிச்சம் புகும் இடைவெளி தெரிகிறது. கனமான இருக்கை மிதப்பதைப் போன்ற தோற்றம் கிடைக்கிறது.

இப்படிப் பிரித்தால் ஒரு சிக்கல் எழும். திரளாக இருந்தபோது சுமை பல இடங்களில் பரவியது. இப்போது சில இணைப்புகளில் குவிகிறது. பின்கால், கைப்பிடி, முதுகைத் தாங்கும் கட்டை ஆகியவை சந்திக்கும் இடங்களில் மரத்தைத் தடிப்பாக விட்டு, சுமை இல்லாத இடங்களில் இழைத்து மெலிதாக்குவதே வோடர் கண்ட தீர்வு. அதனால் ஒவ்வொரு உறுப்பும் ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் ஒடுங்கியும், மூட்டுகளுள்ள எலும்பைப் போல அமைந்தது. கைப்பிடியின் விளிம்பு கத்தியலகு போல மெலிகிறது. மேற்பரப்போ உள்ளங்கை தானாக வந்து படியும்படி குழிந்து நெளிகிறது.

இத்தகைய வேலைக்குத் தேக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. அது எளிதில் முறுக்கிக்கொள்ளாது. இயற்கையான எண்ணெய்ப் பசை உள்ளதால் கடும் மெருகு இல்லாமலே பரப்பு வழுவழுப்பாகும். ஆனால் தேக்கில் கலந்துள்ள மணற்சத்து உளி, வாள் ஆகியவற்றின் கூர்மையை விரைவில் மழுங்கடித்துவிடும். வட ஐரோப்பியப் பட்டறைகள் அம்மரத்தைப் பெருமளவில் கையாளப் பழகிக்கொள்ளக் காலம் பிடித்தது. டேனிய அறைகலன் என்றாலே தேக்கு என்ற எண்ணம் உருவாவதற்கு யூல், வோடர் இருவரும் முக்கியக் காரணமானவர்கள்.

தலைவர் நாற்காலிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

1949 கண்காட்சியின் தொடக்க விழாவுக்கு வந்த மன்னர் ஒன்பதாம் ஃபிரடெரிக் அந்த நாற்காலியில் அமர்ந்து பார்த்தார். இதை அரசர் நாற்காலி என்றே அழைக்கலாமே என்று பத்திரிகையாளர் ஒருவர் கேட்க, அது மிகையாகிவிடும், குலத்தலைவன் நாற்காலி என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்று யூல் விடையளித்ததாக வழங்கிவருகிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும், தோலுறையிட்ட கேடயம் போன்ற முதுகும், சேணத்தைப் போல வளைந்த கைப்பிடிகளும் கொண்டது அது. ஒருவர் அதில் நிமிர்ந்தும் உட்காரலாம், சாய்ந்தும் உட்காரலாம், கைப்பிடியின் மேல் காலைப் போட்டுக்கொண்டு குறுக்காகவும் உட்காரலாம். பிற நாடுகளிலுள்ள டேனியத் தூதரகங்கள் பலவற்றில் இது வைக்கப்பட்டதால், நாட்டின் அடையாளமாகவே மாறிப்போனது. சிறிய அறைக்கு இது ஒவ்வாது. ஓர் ஆளுக்காக இவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும் பொருள் அறையின் தலைவனாகவே இருக்க முடியும்.

அதே ஆண்டில் வெளிவந்த எகிப்திய நாற்காலி அளவில் சிறியது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள பண்டை எகிப்திய இருக்கையின் பின்புற முக்கோண முட்டுகளைப் பார்த்து அமைத்தது. பழைய வகைகளிலிருந்து கற்பதில் அவருக்குத் தடையேதும் இருக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அவர் தமக்காகக் கட்டிக்கொண்ட வீட்டில் என்ன சிறப்பு?

யூலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு படைப்பைத்தான் பார்க்க முடியும் என்றால், கோபன்ஹேகனின் வடக்கே ஓர்ட்ருப்பில் 1942இல் முடிக்கப்பட்ட இந்த வீட்டைத்தான் பார்க்க வேண்டும். தந்தை விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் தாழ்ந்த சாய்கூரை போட்ட இரண்டு வெள்ளைக் கட்டடங்கள், நடுவே அவற்றை இணைக்கும் ஒரு தோட்டக்கூடம். வேறெதுவும் கண்ணைக் கவராது.

அவர் வெளித்தோற்றத்திலிருந்து தொடங்கவில்லை. முதலில் மனிதர் என்ன செய்வார், எங்கே அமர்வார், அமர்ந்த இடத்திலிருந்து எதைப் பார்ப்பார் என்று முடிவு செய்து, அதற்கேற்ப அறைகலனையும், அதைச் சுற்றி அறையையும், கடைசியில் சுவரையும் சாளரத்தையும் அமைத்தார். அதனால் ஓர் அறையில் நின்றால் திறந்த வழிகள் ஊடாக அடுத்த அறையும் அதற்கப்பால் தோட்டமும் கண்ணில் படும். அறைகளின் செயற்பாடு பிரிந்திருக்கிறது; பார்வை பிரியவில்லை.

மேற்கூரையின் உட்பகுதியை அவர் வெள்ளையாக விடவில்லை. வரவேற்பறையின் கூரைக்கு, கூடாரத் துணியின் ஊடாக வெயில் இறங்கும்போது தோன்றும் வெளிர்மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார். நீண்ட குளிர்காலமும் தாழ்ந்த கதிரவனும் உள்ள நாட்டில், மங்கிய பகலிலும் அறைக்குள் ஓர் இதம் நிலவ இது உதவியது. கணப்பின் அருகே தலைவர் நாற்காலி, சுவரோரம் கவிஞர் சோபா, வில்ஹெல்ம் லுண்ட்ஸ்ட்ரோமின் ஓவியம், தொமெசனின் சிற்பம், தாமே வடிவமைத்த தேக்குக் கிண்ணம் என்று எல்லாம் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். கண்காட்சிக்கென வரைந்த பல அறைகலன்களைத் தம் வீட்டிலேயே வைத்துப் புழங்கிப் பார்த்தார். 1989இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

தனி அலுவலகம் தொடங்கிய பிறகு முதலில் கிடைத்த பணிகள் எவை?

1945இல் கோபன்ஹேகனின் நியூஹவுன் கால்வாய்க்கரையில் சொந்த அலுவலகம் திறந்தார். அடுத்த ஆண்டு பிங் அண்ட் கிரோண்டால் என்ற பீங்கான் நிறுவனத்தின் கோபன்ஹேகன் கடையை உள்ளமைத்தது அவருக்கு நற்பெயர் தந்தது. 1947இல் டேனிய அரச நுண்கலைக் கழகம் வழங்கும் எக்கர்ஸ்பெர்க் பதக்கம் கிடைத்தது. அதே காலத்தில் 1955 வரை ஃபிரடெரிக்ஸ்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் உள்ளமைப்புக் கல்வியையும் நடத்திவந்தார்.

அமெரிக்காவில் அவர் எப்படி அறிமுகமானார்?

எட்கர் காஃப்மன் ஜூனியர் என்ற ஒரே மனிதரால் என்று சொன்னாலும் மிகையாகாது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொழில்துறை வடிவமைப்புப் பிரிவைக் கவனித்துவந்த அவர், பென்சில்வேனியாவில் அருவியின் மேல் கட்டப்பட்ட புகழ்பெற்ற ஃபாலிங்வாட்டர் வீட்டின் உரிமையாளருடைய மகன். 1948இல் ஸ்காண்டிநேவியப் பயணத்தில் யூலின் படைப்புகளைக் கண்டு வியந்து, அதே ஆண்டில் அமெரிக்க உள்ளமைப்புத் துறை இதழ் ஒன்றில் அவரைப் பற்றிப் படங்களுடன் விரிவாக எழுதினார். இருவரும் வாழ்நாள் நண்பர்களானார்கள்.

அதன் விளைவுகள் விரைவாக வந்தன. 1951இல் சிகாகோவின் மெர்ச்சண்டைஸ் மார்ட்டில் நடந்த நல்ல வடிவமைப்புக் கண்காட்சியின் அரங்கமைப்பு யூலிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அதைச் செய்தவர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் என்பதிலிருந்து அந்த வாய்ப்பின் தரத்தை உணரலாம். அதே ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரிலுள்ள பேக்கர் நிறுவனம் அவருடைய அறைகலன்களை உற்பத்தி செய்யத் தொடங்கியது.

ஐக்கிய நாடுகள் அவையின் மன்றத்தை அமைக்கும் பணி அவருக்குக் கிடைத்தது எவ்வாறு? அதில் அவர் என்ன செய்தார்?

நியூயார்க் தலைமையகத்தில் மூன்று பெரும் மன்றங்களின் உள்ளமைப்பு மூன்று ஸ்காண்டிநேவிய நாடுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பாதுகாப்பு மன்றத்தை நார்வேயின் ஆர்ன்ஸ்டைன் ஆர்னெபெர்க்கும், பொருளாதார சமூக மன்றத்தை ஸ்வீடனின் ஸ்வென் மார்கேலியுஸும், அறங்காவல் மன்றத்தை டென்மார்க் சார்பில் ஃபின் யூலும் அமைத்தார்கள். நாற்பது வயதைக்கூட எட்டாத, சொந்த நாட்டிலேயே பெரிய பொதுக் கட்டடம் எதையும் தனியாகக் கட்டியிராத ஒருவருக்கு இது எதிர்பாராத பேறு. பணி 1950 முதல் 1952 வரை நடந்தது.

அந்த மன்றம் பெரிது, உயரமானது, பலமொழிப் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டியது. காற்றோட்டக் குழாய்களும் விளக்குகளும் நிறைந்த மேற்கூரையைப் பொய்க்கூரையால் முழுக்க மூடுவதற்குப் பதிலாக, வரிசை வரிசையாகப் பல நிறப் பெட்டிகளைத் தொங்கவிட்டார். அவற்றுள் சில விளக்கை மறைத்தன. எல்லாமாகச் சேர்ந்து, கீழேயிருந்து பார்ப்பவருக்குத் தாளலயம் போன்ற ஒரு வண்ண ஒழுங்கைத் தந்தன. சுவர்களில் ஒலியைச் சீராக்கும் வகையில் ஆஷ் மரச் சட்டங்களைப் பதித்தார். உறுப்பினர்களின் இருக்கைகளைக் குதிரை இலாட வடிவில் அமைத்தார். ஹென்ரிக் ஸ்டார்க்கெ தேக்கில் செதுக்கிய, கைகளை உயர்த்திப் பறவையைப் பறக்கவிடும் பெண்ணின் பெரிய சிற்பம் 1953இல் அங்கே வைக்கப்பட்டது.

இம்மன்றத்தின் பிற்கால வரலாறு விசித்திரமானது. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபடக் காத்திருந்த பதினொரு அறங்காவல் ஆட்சிப்பகுதிகளைக் கண்காணிப்பதே அறங்காவல் மன்றத்தின் பணி. 1994 அக்டோபரில் கடைசிப் பகுதியான பலாவு விடுதலை பெற்றதும், நவம்பர் 1 முதல் மன்றம் தன் செயற்பாட்டை நிறுத்திக்கொண்டது. தன் வேலையை முழுமையாக முடித்துவிட்ட ஓர் அமைப்பின் அறை, பிற கூட்டங்களுக்காக இன்றும் இயங்குகிறது. இதற்கிடையே ஐ.நா. உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை பெருகப் பெருக இருக்கைகளும் மாறி, யூலின் அமைப்பு சிதைந்துபோனது. தலைமையகம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டபோது இந்த மன்றமும் அவருடைய கருத்துக்கு நெருக்கமாக மீட்கப்பட்டு 2013இல் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போது தேவைப்பட்ட புதிய நாற்காலிகளையும் மேசைகளையும் காஸ்பர் சால்டோ, தாமஸ் சிக்ஸ்கோர்ட் என்ற இரு டேனியர்கள் வடிவமைத்தார்கள். பழையதை நகலெடுக்காமல் புதியதைச் சேர்த்த அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

கைவேலையை இவ்வளவு சார்ந்திருந்த வடிவங்களை இயந்திரத்தில் செய்ய முடிந்ததா?

ஓரளவுக்கு. பேக்கருக்காக வரைந்தபோது அமெரிக்கச் சந்தை விரும்பிய வால்நட் மரத்தையும், இயந்திரம் வெட்டக்கூடிய வளைவுகளையும் கணக்கில் கொண்டார். 1951ஆம் ஆண்டின் பேக்கர் சோபாவில் முதுகுப்பகுதியை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தது அங்கே நிகழ்ந்த நல்ல கண்டுபிடிப்பு. டென்மார்க்கில் பூவிர்க்கெ நிறுவனமும், பின்னர் ஃபிரான்ஸ் அண்ட் சோன் என்று பெயர் மாறிய ஃபிரான்ஸ் அண்ட் டாவெர்கோசன் நிறுவனமும் அவருடைய எளிய வடிவங்களைத் தயாரித்தன. பிந்தைய நிறுவனத்தின் மண்வெட்டி நாற்காலியில் கைப்பிடிகளின் நுனி மண்வெட்டியைப் போல அகன்றிருக்கும்; பிரித்து அடுக்கிக் கப்பலில் அனுப்பலாம். நல்ல நாற்காலிதான். ஆனால் அதையும் வோடர் பட்டறையின் நாற்காலியையும் அடுத்தடுத்து வைத்தால், இயந்திரம் எங்கே நின்றுவிட்டது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அறைகலன் தவிர வேறென்ன வடிவமைத்தார்?

1951இல் டேனியக் கைவினைஞர் காய் போய்சனுக்காகத் தேக்குக் கிண்ணங்கள். 1956 தொடங்கிச் சில ஆண்டுகள் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ்ஸின் பயணச்சீட்டு அலுவலகங்களும் டி.சி.8 விமானங்களின் உட்பகுதியும். 1960இல் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கிய டேனியக் கலைப் பெருங்கண்காட்சியின் அரங்கமைப்பு. இவை தவிர, சில கோடைகால வீடுகள்.

அவருடைய வண்ணங்களைப் பற்றித் தனியாகப் பேசப்படுவது ஏன்?

ஸ்காண்டிநேவிய உள்ளமைப்பு என்றால் வெள்ளைச் சுவரும் வெளிறிய மரமும் என்ற பொதுக் கருத்தை யூலின் அறைகள் மறுக்கின்றன. அவர் தம் அறைகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் பார்த்தே முடிவு செய்வார். அந்த ஓவியங்கள் பல கோபன்ஹேகனின் வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் உள்ளன. தச்சர் கையில் கொடுக்கும் வரைபடமாக இல்லாமல், வெளிச்சமும் நிழலும் சேர்ந்த முழுமையான அறைக்காட்சிகளாக அவை இருக்கின்றன. 1961இல் தம் வாழ்க்கைத் துணை ஹன்னெ வில்ஹெல்ம் ஹான்சனுக்காக வடிவமைத்த கையுறைப் பேழையைத் திறந்தால், கதேயின் வண்ணச் சக்கரத்தைத் தழுவி, ஒரு புறம் சூடான நிறங்களும் மறுபுறம் குளிர்ந்த நிறங்களுமாக இழுப்பறைகள் அடுக்கப்பட்டிருக்கும். மூடியிருக்கும்போது அது அமைதியான மரப்பெட்டி மட்டுமே.

அதே காலத்து டேனிய நாற்காலி வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னரோடு அவரை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், இருவரின் மிகச் சிறந்த நாற்காலிகளும் அதே 1949 கண்காட்சியில்தான் அறிமுகமாயின. வெக்னர் தச்சராகப் பயின்றவர். இணைப்பிலிருந்து வடிவத்துக்குப் போவார். யூல் வடிவத்திலிருந்து இணைப்புக்கு வருவார். நாள்தோறும் உட்கார நாற்காலி வேண்டுமென்றால் நான் வெக்னரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

1960களில் அவர் புகழ் ஏன் மங்கியது?

பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. 1950களில் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த திரியென்னாலெ என்ற பன்னாட்டு வடிவமைப்புக் கண்காட்சிகளில் அடுத்தடுத்துத் தங்கப் பதக்கங்கள் பெற்றவர் அவர். டேனிய நவீனம் என்ற பெயர் அமெரிக்காவில் விற்பனை முத்திரையாக மாறியதும், அவரைப் போலச் செய்த மலிவான போலிகள் சந்தையில் குவிந்து அசலின் மதிப்பையும் கெடுத்தன. இளைய தலைமுறை பிளாஸ்டிக்கையும் நுரைமெத்தையையும் பளிச்சென்ற நிறங்களையும் நாடியது. வெர்னர் பான்டன் போன்றவர்களின் காலம் தொடங்கியது. டென்மார்க்கில் கைவினைஞரின் கூலி உயர்ந்தது. தச்சர் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியே 1966உடன் நின்றுபோனது.

இவற்றைக் காட்டிலும் ஆழமான காரணம் அவருடைய வேலைமுறைக்குள்ளேயே இருந்தது என்று நினைக்கிறேன். வோடரைப் போன்ற ஒருவர் இருக்கும்வரைதான் யூலின் சுதந்திரம் சுதந்திரமாக இருக்க முடியும். 1959இல் அந்தக் கூட்டு முடிந்தபின், அதற்கு ஈடான இன்னொரு கூட்டை அவர் முன்போல் நீண்டகாலம் அமைத்துக்கொள்ளவில்லை. 1965இல் சிகாகோவில் வருகைதரு பேராசிரியராக இருந்தார். 1978இல் பிரிட்டன் அவருக்கு மதிப்புறு அரச தொழில்துறை வடிவமைப்பாளர் என்ற சிறப்பை அளித்தது. ஆனால் இருபதாண்டுகளுக்குமேல் அவர் பெரும்பாலும் கடந்த காலத்தவராகவே நடத்தப்பட்டார். 1989 மே 17 அன்று காலமானபோது அவருடைய வடிவங்களில் மிகச் சிலவே உற்பத்தியில் இருந்தன.

அவருடைய அறைகலன்கள் இப்போது தயாரிக்கப்படுகின்றனவா?

ஆம். ஜப்பானியர்கள்தாம் முதலில் அவரை மீண்டும் தேடத் தொடங்கினார்கள். கிதானி என்ற நிறுவனம் அவர் வடிவங்களை ஜப்பானில் செய்தது. அவர் பிறந்த நூற்றாண்டான 2012இல் தக்கயாமா நகரில் ஓர்ட்ருப் வீட்டின் மாதிரி ஒன்றே எழுப்பப்பட்டது. டென்மார்க்கில், 2001இல் ஹன்னெ வில்ஹெல்ம் ஹான்சன் அளித்த உரிமையின் அடிப்படையில் ஒன்கலெக்‌ஷன் நிறுவனம் தயாரிப்பைத் தொடங்கியது. அதுவே இப்போது ஹவுஸ் ஆஃப் ஃபின் யூல் என்ற பெயரில் இயங்குகிறது. கணினி வழி வெட்டும் இயந்திரங்கள், வோடர் கையால் இழைத்த வளைவுகளில் பெரும்பகுதியை இன்று முன்கூட்டியே செதுக்கிவிடுகின்றன. கடைசி மெருகு மட்டும் இன்னும் கைவேலை.

பழைய படைப்பை வாங்க விரும்புவோர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் முத்திரை. வோடர் பட்டறைப் பொருளில் சுட்ட முத்திரையும், ஃபிரான்ஸ் நிறுவனப் பொருளில் சிறிய உலோக வில்லையும் இருக்கும். முத்திரையைப் போலியாகப் பதிக்க முடியும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது; கைப்பிடியின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்திலும் அசல் வேலை அதே கவனத்தோடு இழைக்கப்பட்டிருக்கும். பின்கால் இணைப்புகளில் பசை ஏறிய பழைய விரிசல் உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

இன்னொன்று சட்டம் தொடர்பானது. அவருடைய சில பொருள்கள் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டில் செய்யப்பட்டவை. நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த அந்த மரம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்பாட்டின் முதல் பட்டியலில் 1992 முதல் இடம்பெற்றுள்ளது. உரிய சான்றிதழ் இல்லாமல் அதை எல்லை கடந்து கொண்டுவந்தால் சுங்கத்தில் பறிமுதல் ஆகக்கூடும். தேக்குப் பொருள்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அவருடைய படைப்புகளை நேரில் எங்கே காணலாம்?

ஓர்ட்ருப் வீடு, அடுத்திருக்கும் ஓர்ட்ருப்கோர் கலை அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக 2008 முதல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டுள்ளது. திறந்திருக்கும் நாள்கள் பருவத்துக்கேற்ப மாறுவதால் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்வது நல்லது. கோபன்ஹேகன் நகருக்குள் டேனிய வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் நாற்காலிகளும் நீர்வண்ண ஓவியங்களும் உள்ளன. நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள், கூட்டம் நடைபெறாத வேளைகளில் அறங்காவல் மன்றத்துக்கும் அழைத்துச் செல்வதுண்டு. பார்வையாளர் மாடத்திலிருந்து மேற்கூரையின் வண்ணப் பெட்டிகள் நன்றாகத் தெரியும்.